பட்டா நிலத்தில் ஒரு மண் கரை: ஆபத்து வகுப்பை நீங்களே கணிக்கும் வழி

வடசென்னையில் குடியிருந்துகொண்டு சோழவரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்பா வழியில் வந்த நிலமாக இருக்கலாம். ஓய்வுபெற்ற பணத்தில் மாந்தோப்பு போட வாங்கியதாக இருக்கலாம். அந்த நிலத்தின் தாழ்ந்த மூலையில் யாரோ எப்போதோ ஒரு கரை போட்டு மழைத் தண்ணீரைத் தேக்கியிருப்பார்கள். கிரயம் பேசும்போது தரகர் "குட்டையும் உங்களுக்கே சார்" என்று அதைக் கொசுறு மாதிரி சொல்லியிருப்பார். வாங்கியவர் கையில் இப்போது இருப்பது, பொறியாளர் பாஷையில் சொன்னால், தனியாருக்குச் சொந்தமான ஒரு சிறிய மண் அணை.

அது உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கான பதில்தான் ஆபத்து வகுப்பு. பெரிய அணைகளுக்கு இதைக் கணிக்க அரசில் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் குட்டைக்கு யாரும் வரமாட்டார்கள். 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளை எடுத்துக்கொள்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில், கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாதது, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாதது என்பதுபோன்ற சில நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்துவதையும் சேர்த்துக்கொள்கிறது. நான்கு மீட்டர் கரை அந்த வலையில் விழாது. ஆகவே வேலை உங்கள் தலையில்தான். ஒரு டேப், கொத்தனாரின் டியூப் லெவல், போனில் செயற்கைக்கோள் வரைபடம், கூட நடக்க ஓர் உள்ளூர்க்காரர்: இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

வகுப்பு வேறு, கரையின் உடம்பு வேறு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. "கரை கெட்டியா இருக்கு சார், ஆபத்து ஒண்ணும் இல்ல" என்பார்கள். கரை கெட்டியாக இருப்பது அதன் நிலைமை. ஆபத்து வகுப்பு அதைப் பார்ப்பதே இல்லை. கரை உடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் போகும் வழியில் யார், என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. நேற்று ரோலர் போட்டு இறுக்கிய அருமையான கரைக்குக் கீழே பத்து வீடு இருந்தால் அது உயர்ந்த வகுப்பு. நாலா பக்கமும் அரித்துக் கிடக்கும் கரைக்குக் கீழே வெறும் கருவேலங்காடு இருந்தால் அது குறைந்த வகுப்பு.

அமெரிக்காவில் புழங்கும் மூன்று படி வகைப்பாடு சிறு கரைகளுக்கு எளிதாகப் பொருந்துவதால் இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன். உடைந்தால் உயிர்ச்சேதம் எதிர்பார்க்க முடியாது, நட்டம் பெரும்பாலும் உரிமையாளர் நிலத்தோடு போய்விடும் என்றால் குறைந்த வகுப்பு. உயிர் போக வாய்ப்பில்லை, ஆனால் சாலை, மின்சாரம், அடுத்தவர் பயிர், சுற்றுச்சூழல் என்று வெளியே சேதம் வரும் என்றால் கணிசமான வகுப்பு. ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் உயர்ந்த வகுப்பு. எத்தனை உயிர் என்ற கணக்கே மூன்றாவதில் கிடையாது.

தப்பான வகுப்பு என்ன செய்யும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் நடந்ததைச் சொல்லலாம். காவாய் தீவில் கா லோகோ என்று ஒரு நீர்த்தேக்கம். 1890-ல் கரும்புப் பாசனத்துக்காகப் போட்ட மண் கரை, தனியார் நிலத்தில். அரசுப் பதிவேட்டில் அதன் வகுப்பு 'குறைந்த ஆபத்து'. அதனால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. 2006 மார்ச் 14 அன்று, வாரக்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு, விடியுமுன் அது உடைந்தது. சுமார் 15 லட்சம் கன மீட்டர் தண்ணீர் இறங்கி ஏழு பேரைக் கொண்டுபோனது. உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கல் இருந்த இடம் மண் போட்டு மூடப்பட்டிருந்ததற்கான தடயங்கள் விசாரணையில் வெளிவந்தன. நிலத்தின் உரிமையாளர் பின்னாளில் சிறைக்கும் போனார். கென்யாவின் சோலாய் பகுதியில் 2018 மே 9 இரவு ஒரு தனியார் பண்ணையின் மண் அணை உடைந்ததில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டுமே விவசாயத் தண்ணீருக்காகத் தனியார் வைத்திருந்தவை.

முதலில், கரை உங்களுடையதுதானா?

திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரி, தாங்கல், குட்டை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அரசுடையவை. நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, மேல் ஆயக்கட்டு, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் நிலம், இருந்தால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உங்கள் வேலிக்குள் இருப்பதாலேயே கரை உங்களுடையதாகிவிடாது. பட்டாவை மட்டும் பார்க்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். புல எண்ணுக்கு எதிரே ஏரி, குட்டை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அந்தக் கரையில் ஒரு கூடை மண் போடவும் எடுக்கவும் உங்களுக்கு உரிமை இல்லை. அப்புறம் வேலை, உரிய துறைக்கு மனு எழுதுவது மட்டும்தான். கரை பட்டாவில், நீர்ப்பரப்பில் பாதி புறம்போக்கில் என்று கலந்தும் வரும். அதைச் சர்வேயர் வைத்து அளந்து தீர்த்துவிட்டு மேலே போங்கள்.

உடைந்தால் யார் பொறுப்பு என்பதில் நம் பக்கத்திலிருந்தே போன ஒரு பழைய வழக்கு உண்டு. கார்வேட்நகர ஜமீனில் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போயின. கம்பெனி நட்டஈடு கேட்டது. 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊருக்குச் சோறு போடும் பழைய ஏரிகளைப் பராமரிப்பது அவர் மேல் விழுந்த கடமை, கவனக்குறைவு இருந்தால்தான் அவர் பொறுப்பு என்பது அதன் சாரம். உங்கள் மாந்தோப்புக்கு நீங்களாக வைத்துக்கொண்டிருக்கும் குட்டைக்கு அந்தத் தயவு கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?

கரையின் உயரத்தை வெளிச்சரிவின் அடியில், நிலம் மிகத் தாழ்ந்திருக்கும் இடத்திலிருந்து கரை உச்சி வரை அளக்க வேண்டும். உள்பக்கத்தில் தண்ணீருக்கு மேல் தெரிவதை அளந்துவிட்டு "ஆறடிதான்" என்று சொல்லிக்கொள்வார்கள். வெளிப்பக்கம் இறங்கிப் பார்த்தால் பதினைந்து அடி இருக்கும்.

கொள்ளளவுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. நிறைந்திருக்கும்போது நீர்ப்பரப்பு எவ்வளவு, மிக ஆழமான இடத்தில் ஆழம் எவ்வளவு, இரண்டையும் பெருக்கி 0.4-ஆல் பெருக்குங்கள். நீர்ப்பரப்பை டிசம்பர் மாதத்துச் செயற்கைக்கோள் படத்தில் எல்லை வரைந்தே எடுத்துவிடலாம். எட்டு ஏக்கர் பரப்பு, நான்கு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஏக்கர் ஏறக்குறைய 32,400 சதுர மீட்டர். நான்கால் பெருக்கி, 0.4-ஆல் பெருக்கினால் சுமார் 52,000 கன மீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் 1.8 மில்லியன் கன அடி. புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அதில் ஆயிரத்து எண்ணூறில் ஒரு பங்குதான் உங்களுடையது. இதைக் கேட்டதும் நிம்மதிப் பெருமூச்சு வரும். கொஞ்சம் பொறுங்கள்.

உடைந்த மண் அணைகளின் அளவுகளை வைத்து 1995-ல் ஃப்ரோலிக் என்ற பொறியாளர் ஒரு சமன்பாடு தந்தார். கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.295 அடுக்குக்கு உயர்த்துங்கள். தண்ணீரின் உயரத்தை மீட்டரில் எடுத்து 1.24 அடுக்குக்கு உயர்த்துங்கள். இரண்டையும் பெருக்கி 0.607-ஆல் பெருக்கினால், உடைப்பின் உச்சத்தில் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் வெளியேறும் என்று உத்தேசமாகத் தெரியும். போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். நம் எட்டு ஏக்கர் குட்டைக்கு விநாடிக்கு 80 கன மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. கன அடியில் சொன்னால் ஏறக்குறைய 2,900.

புழலிலிருந்து 2,000 கன அடி திறக்கிறார்கள் என்று செய்தி வந்தாலே நாரவாரிக்குப்பம், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று கரையோரத்துக்கெல்லாம் எச்சரிக்கை விடுகிறார்கள். அங்கே அந்தத் தண்ணீருக்கென்று வெட்டிய உபரிநீர்க் கால்வாய் இருக்கிறது, முன்கூட்டியே தகவலும் வருகிறது. உங்கள் 2,900 கன அடிக்குக் கால்வாயும் இல்லை, தகவலும் இல்லை. அரை மணி, முக்கால் மணியில் குட்டை காலியாகிவிடும் என்பது உண்மைதான். முதல் வீட்டை அடைய அதற்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

கீழ்நோக்கி நடங்கள்

வகுப்பு முடிவாவது இங்கேதான். கரை மேல் நின்றுகொண்டு அல்ல. கரையின் மிக உயரமான பகுதிக்கு நேர் கீழே தொடங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டே நடங்கள். ஓடை இருந்தால் ஓடையோடு போங்கள், ஆனால் ஓடையோடு மட்டும் போகாதீர்கள். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துத் தரை தட்டையானது. அங்கே உடைப்புத் தண்ணீர் ஓடைக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் விரியும். ஆரணியாற்றிலோ கொசஸ்தலையாற்றிலோ சேரும் வரை, அல்லது ஓரடி ஆழத்துக்கும் கீழே மெலிந்துபோகும் என்று தோன்றும் வரை நடக்க வேண்டும். இந்த அளவுக் குட்டைக்குப் பொதுவாக இரண்டு, மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும்.

மேடாக்கிய சாலைகளையும் ரயில் பாதையையும் தனியாகக் கவனியுங்கள். ஜி.என்.டி. சாலை, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, கும்மிடிப்பூண்டி ரயில் பாதை எல்லாமே குறுக்கே படுத்த கரைகள். சிறுபாலம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதில் பாதி குப்பையால் அடைத்திருக்கும். வந்த தண்ணீர் அங்கே தேங்கி, மேல்பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குள் ஏறும். 'தண்ணி சாலையைத் தாண்டாது, அதனால் அந்தப் பக்கம் ஆபத்து இல்லை' என்பது சரியாகவே இருந்தாலும், இந்தப் பக்கம் இரண்டு மடங்கு ஆபத்து என்பதையும் கூடவே எழுதிக்கொள்ள வேண்டும்.

வழியில் கட்டடம் எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரவில் இங்கே யாராவது படுத்திருப்பார்களா? அரிசி ஆலை, கோழிப் பண்ணை, மோட்டார் கொட்டகை எல்லாம் வரைபடத்தில் ஒரே மாதிரி கூரையாகத்தான் தெரியும். செங்கல் சூளை மழைக்காலத்தில் ஓடாது, கொட்டகை காலி என்று சொல்வார்கள். காவலுக்கு ஒரு குடும்பம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்கும், அதுவும் சூளைக் குழியின் ஓரத்திலேயே. அந்த ஒரு குடும்பம் உங்கள் கரையை உயர்ந்த வகுப்புக்கு ஏற்றிவிடும்.

ஊர்ப் பெரியவர்களிடம் இப்படிப் பேச்சுக் கொடுத்தால் பலன் உண்டு (குட்டை நிரம்பி வழிவதைத்தான் 'கோடி போவது' என்பார்கள்):

"பெரியவரே, இந்தக் குட்டை கோடி போனா தண்ணி எந்தப் பக்கம் போவும்?"

"முன்னல்லாம் நேரா ஓடைக்குப் போவும். இப்ப ஓடையை மூடி பிளாட் போட்டுட்டாங்களே. அந்த நீலக் கேட்டு வீட்டண்ட திரும்பித் தெருவுல போவுது."

செயற்கைக்கோள் படம் இதைச் சொல்லாது.

முடிவெடுக்கும்போது சந்தேகம் வந்தால் மேல் வகுப்பைப் போடுங்கள். தண்ணீர் முழங்கால் அளவுதான் வரும், ஆளை ஒன்றும் செய்யாது என்று வாதம் செய்யத் தோன்றும். வேகமாக ஓடும் முழங்கால் தண்ணீர் பெரியவரையே காலை வாரிவிடும்; இரண்டடி தண்ணீர் காரைத் தூக்கிவிடும். வழியில் குடியிருக்கும் வீடு ஒன்று இருந்தாலும் உயர்ந்த வகுப்பு என்று எழுதிவிட்டு, அது தவறு என்று நிரூபிக்கும் வேலையைப் பொறியாளரிடம் விடுவதே என் வழக்கம்.

இந்த நடையை ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்து தரை காய்ந்ததும், திரும்ப நடக்க வேண்டும். செங்குன்றத்திலிருந்து வடக்கே நகரம் போகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கரையில் கை வைத்திருக்கமாட்டீர்கள். தண்ணீரும் அதே தண்ணீர்தான். கீழே யாரோ வயலை மனையாக்கி விற்றதால் உங்கள் குட்டை குறைந்த வகுப்பிலிருந்து உயர்ந்த வகுப்புக்குப் போயிருக்கும். மனை விற்றவரும் சொல்லமாட்டார், வாங்கியவருக்கும் தெரியாது. கா லோகோவைப் போல ஏட்டில் பழைய வகுப்பே இருந்துகொண்டிருக்கும்.

கலங்கல் எங்கே?

வகுப்பு எதுவானாலும் அடுத்துப் பார்க்க வேண்டியது கலங்கலை. மண் அணைகள் உடைவதில் ஏறக்குறைய பாதி, தண்ணீர் கரைக்கு மேல் வழிந்ததால் உடைந்தவை. மண் கரை மேல் ஒரு சாண் தண்ணீர் வழிய ஆரம்பித்தாலே வெளிச்சரிவை அரித்து இறக்கிவிடும். வழிய விடாமல், உபரியைப் பத்திரமாக ஓரமாக வெளியே அனுப்பும் கல் கட்டடம்தான் கலங்கல். பழைய ஏரிகளில் அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருப்பார்கள். தனியார் குட்டைகளில் பல நேரம் ஒரு ஆறு அங்குல பிளாஸ்டிக் குழாய்தான் கலங்கல்.

அது போதுமா என்று கணக்குப் போடுவோம். நூறு ஏக்கரிலிருந்து உங்கள் குட்டைக்குத் தண்ணீர் வருகிறது. ஒரு மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர் மழை. வடகிழக்குப் பருவமழையில் இங்கே அப்படிப் பெய்வது அபூர்வம்தான், பெய்யாதது அல்ல. நூறு ஏக்கர் நான்கு லட்சம் சதுர மீட்டர். அதன் மேல் 80 மில்லிமீட்டர் என்றால் 32,000 கன மீட்டர். பாதியைத் தரை உறிஞ்சிக்கொண்டது என்றே வைத்துக்கொண்டாலும் 16,000 கன மீட்டர் ஒரு மணி நேரத்தில் வந்து சேரும். விநாடிக்கு 4.4 கன மீட்டர்.

கலங்கல் மேல் அரை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஓடினால், அதன் ஒவ்வொரு மீட்டர் நீளமும் விநாடிக்கு 0.6 கன மீட்டர் கடத்தும். ஆக, உங்களுக்கு ஏழரை மீட்டர் நீளக் கலங்கல் வேண்டும். ஆறு அங்குலக் குழாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீர்வரத்துப் பரப்பு எவ்வளவு என்று தெரியாதவர்கள், கனமழையில் குடையோடு போய் எந்தெந்த வயலிலிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்த்து வரைந்துகொள்வது உத்தமம். பக்கத்து ஏரியின் உபரியும் உங்கள் குட்டைக்குத்தான் வருகிறது என்பது சில நேரம் அப்போதுதான் தெரியும். அப்படியானால் மேலே போட்ட கணக்கு செல்லாது, பொறியாளர் இல்லாமல் நகரக் கூடாது.

சரியான நீளத்தில் கலங்கல் இருந்தும் கெடுக்கும் பழக்கங்கள் இரண்டு. ஒன்று, கார்த்திகை கடைசியில் "இன்னும் கொஞ்சம் தேக்கிக்கலாம்" என்று கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவது. கால் மீட்டர் உயரத்துக்கு ஒரே ஒரு வரிசை அடுக்கினால் என்ன ஆகும் பாருங்கள். அரை மீட்டர் ஓட வேண்டிய இடத்தில் கால் மீட்டர்தான் ஓடும். அதே ஏழரை மீட்டர்க் கலங்கல் இப்போது விநாடிக்கு 1.6 கன மீட்டர்தான் கடத்தும். உயரத்தில் பாதியை எடுத்தால் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. மீதி கரை மேல் ஏறும். இன்னொன்று, மீன் போய்விடக் கூடாது என்று குறுக்கே வலை கட்டுவது. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் வந்து ஒட்டி, வலை ஒரே இரவில் சுவராகிவிடும். குட்டையை மீன் வளர்ப்புக்குக் குத்தகை விட்டிருந்தால், கலங்கலில் வலை கட்டக் கூடாது என்று குத்தகைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். போகிற மீன் போகட்டும்.

கரை உச்சி, கலங்கல் மட்டத்தைவிட எவ்வளவு உயரம் என்பதை டியூப் லெவல் வைத்துப் பாருங்கள். நீளமான ஒளி ஊடுருவும் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கலங்கல் மேல் ஒருவர் பிடிக்க, மறுமுனையோடு இன்னொருவர் கரையோரமாகப் போக வேண்டும். குழாய் எட்டாத தூரத்துக்கு முளை அடித்து மட்டத்தை மாற்றிக்கொண்டே போகலாம். கரையில் மிகத் தாழ்ந்த இடம் எது என்பதுதான் நாம் தேடுவது. டிராக்டர் ஏறி இறங்கும் இடம், மாடு இறங்கும் இடம், இரண்டு பக்கமும் தேய்ந்து குழிந்திருக்கும். அந்த இடமும் கலங்கலைவிட ஒரு மீட்டராவது, முடிந்தால் ஒன்றரை மீட்டர், உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கரையின் உண்மையான கலங்கல் அந்த மாட்டுத் தடம்தான்.

கரையைச் சுற்றி ஒரு பார்வை

புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறை, தை மாதத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது ஒருமுறை. இரண்டு பார்வையும் வேண்டும். கசிவு இரண்டாவதில்தான் தெரியும்.

புதர் மண்டிய கரையைப் பார்க்கவே முடியாது. முதலில் வெட்டுங்கள். சீமைக்கருவேலம் கட்டை விரல் பருமனில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடலாம். பெரிதாக வளர்ந்துவிட்ட மரத்தை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். வெட்டிவிட்டு வேரை விட்டால் அது மக்கித் தண்ணீருக்குப் பாதையாகும், பிடுங்கினால் கரையில் பள்ளம் விழும். கோடையில், குட்டை காய்ந்திருக்கும்போது, வேரைத் தோண்டி எடுத்துக் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்க வேண்டிய வேலை அது. புல் மட்டும் இருக்கட்டும். அது கரைக்குப் போர்வை.

வெடிப்புகளில் கரையின் நீளவாக்கில் ஓடுபவை சரிவு சரியப்போவதைக் காட்டலாம். குறுக்கே, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடுபவை அதைவிட மோசம்; தண்ணீர் ஏறியதும் நேராக அதற்குள் நுழையும். எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று எல்லாவற்றையும் எண்ணிக் குறித்து வையுங்கள். வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தால், உயரம் ஒன்றுக்குக் கிடையாக இரண்டாவது இல்லையென்றால், அடியில் மண் அணைத்துச் சரிவைச் சாய்க்க வேண்டும். கரையின் அடிவாரத்தை வெட்டி வயலோடு சேர்த்துக்கொள்ளும் பக்கத்து நிலத்துக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

கசிவைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவே இல்லாத மண் கரை இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: கூடுகிறதா, கலங்குகிறதா.

கசிவு சேரும் இடத்தில் சிறு வாய்க்கால் வெட்டி ஒரு குழாயில் விடுங்கள். பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். மட்டம் மாறாமல் இருக்கும்போது வாளி சீக்கிரம் நிறைய ஆரம்பித்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. அதே தண்ணீரைத் தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் படலம் படிந்தால், தண்ணீர் மட்டுமல்ல, உங்கள் கரையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடைந்த மண் அணைகளில் மறுபாதி பெரும்பாலும் இந்த வழியில் போனவைதான்.

கலங்கலான தண்ணீர் மணலைக் கக்கிக்கொண்டு ஊற்றாகக் கொப்பளித்தால் அதை அடைக்க ஓடாதீர்கள். களிமண்ணை அப்பி அடைத்தால் அழுத்தம் வேறு இடத்தில் வெடிக்கும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் வட்டம் கட்டி உள்ளே தண்ணீரை ஏறவிட வேண்டும். மேலே முதலில் மணல், அதன் மேல் ஜல்லி போட்டுத் தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இது அவசரக் கைமருந்துதான். அதற்குள் மதகைத் திறந்து மட்டத்தை இறக்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்காதீர்கள். சடாரென்று வற்றினால் ஈரம் சுமந்த உள்சரிவு பொத்தென்று சரியும். கரை உடையப்போகிறது என்ற நிலையில் அந்தக் கணக்கு இல்லை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

கசிவு பல நேரம் எங்கே தொடங்கும் என்றால், கரைக்குள் குறுக்கே போட்ட குழாயைச் சுற்றி. மதகுக் குழாய், முன்பிருந்தவர் சொட்டுநீருக்காகப் பதித்த பிளாஸ்டிக் குழாய், யாருக்கும் நினைவில்லாத பழைய சிமென்ட் குழாய். குழாயின் அடிவயிற்றுப் பக்கம் மண்ணை இறுக்க முடியாது. தண்ணீருக்கு அது தெரியும். இனி புதிதாகக் குழாய் வேண்டுமென்றால் கரையைத் தோண்டாமல் மேலே ஏற்றி மோட்டார் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரச் செலவு கூடும், பரவாயில்லை.

வகுப்புக்கு ஏற்ற ஏற்பாடு

குறைந்த வகுப்பு என்றால் மேலே சொன்ன இரண்டு பார்வையும் ஒரு நோட்டும் போதும். கணிசமான வகுப்புக்கு, கலங்கல் அளவையும் கரைச் சரிவையும் அணை அல்லது மண் பொறியியல் தெரிந்த ஒருவர் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வீடு கட்டும் இன்ஜினியர் போதாது. பண்ணைக் குட்டை விஷயத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வழி கேட்கலாம். உயர்ந்த வகுப்பு என்று தெரிந்த நாளிலிருந்து, பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை, குட்டையை முழுக்க நிரப்பாதீர்கள். பாதியில் நிறுத்திவைத்தால் மேலே போட்ட சமன்பாட்டில் இரண்டு எண்ணுமே இறங்கும். ஒரு போகம் தண்ணீர் குறையும். இதில் பேரம் வேண்டாம்.

உயர்ந்த வகுப்புக்கு ஒரு தாள் எழுதி, மோட்டார் கொட்டகையிலும் கீழே முதல் வீட்டிலும் ஒட்டிவையுங்கள். மட்டம் கலங்கலுக்கு மேல் எவ்வளவு ஏறினால் யார் கரையில் இரவு காவல் இருப்பது, எவ்வளவு ஏறினால் கீழே உள்ளவர்களை எழுப்புவது என்று இரண்டு கோடு. கலங்கல் சுவரிலேயே மஞ்சள் பெயின்டில் ஒன்று, சிவப்பில் ஒன்று அடித்துவிடுங்கள். இருட்டில் டார்ச் அடித்தால் தெரியும். அப்புறம் போன் எண்கள். முதலில் கீழே குடியிருப்பவர்கள், அதற்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர், மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. வரிசையை மாற்றாதீர்கள். அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் தண்ணீர் அந்த நீலக் கேட்டைத் தாண்டிவிடும். ஊரில் இரவு விழித்திருப்பவர் யார், கோயில் ஒலிபெருக்கிச் சாவி யாரிடம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

கரைக்குக் கீழே மனை வாங்குகிறவர்களுக்கு

குட்டை உங்களுடையது இல்லை, அதன் கீழே 1,200 சதுர அடி வாங்கப் போகிறீர்கள் என்றால் இதே நடையைத் தலைகீழாக நடங்கள். மனையில் நின்று மேட்டுப் பக்கம் பார்த்து, செயற்கைக்கோள் படத்தில் மூன்று கிலோமீட்டருக்குள் நீலமாகவோ பச்சையாகவோ தெரிவதை எல்லாம் தொட்டுப் பாருங்கள். கோடைக்காலப் படத்தில் குட்டை தரிசு மாதிரி இருக்கும், அதனால் டிசம்பர், ஜனவரிப் படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்பவர் காட்டும் லே-அவுட் வரைபடத்தைப் பழைய புலப்படத்தோடு ஒப்பிட்டு, ஓடையோ வாய்க்காலோ இருந்த இடத்தில் இப்போது தெரு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேலே உள்ள குட்டை யாருடையது, கலங்கல் எங்கே, உபரி எந்த வழியாகப் போகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். அதற்கு ஒரு மழை நாளில் நேரில் போய்ப் பார்ப்பதுதான் நல்லது. தரகர் வெயில் நாளில்தான் கூட்டிப்போவார்.